மிச்சமிருந்த டேப்பில் வந்த பாக்

ஆமத்தூரில் விருதுநகர் பஸ் ஏறும்போது சட்டைப்பையில் 60 நிமிட வெற்று கேசட்டும், பாட்டுகள் எழுதிய நோட்டுத்தாளும் இருக்கும். ரெக்கார்டிங் சென்டர் அண்ணன் தாளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்ப்பார். "பி சைடுல கொஞ்சம் டேப் மிச்சம் வருது தம்பி. நானா ஒண்ணு போட்டு விடட்டா?" ஒருமுறை கேசட் அட்டையின் கடைசி வரியில் சிவப்பு மையில் 'கேட்டுப் பாரு' என்று மட்டும் எழுதியிருந்தார்.

அது 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. மறுவாரமே முழு ஆல்பத்தையும் பதியக் கொடுத்தேன். தியாகராஜருக்கும் மேல்நாட்டு இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக இளையராஜா 1986இல் தந்த 'ஹவ் டு நேம் இட்'. பாக்கின் வயலின் இசையோடு அந்தச் சந்திப்பு நடக்கும். அடுத்து வருவது 'அண்ட் வி ஹேட் எ டாக்'. முதலில் சந்திப்பு, பிறகு பேச்சு. போனில் கலைத்துப் போட்டுக் கேட்கும் பிள்ளைகளுக்குச் சந்திக்காமலே பேச்சு வந்துவிடுகிறது.

எல்லாம் கைக்குள் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நேற்றுக் கேட்டதை வைத்தே இன்றைக்கும் ஊட்டுகிறது போன். நான் கேட்காதது எது என்று அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. அந்த இடம் காலியாகக் கிடப்பதுதான் என் கவலை.

அவர் இடத்தில் நின்று சொல்கிறேன். கோயில் பொங்கலில் 'வள்ளி திருமணம்' நாடகத்தை விடியவிடியப் பார்த்தவரா? வள்ளி ஆலோலம் பாடிக் குருவி விரட்டுவதை ரசித்தவருக்கு, மொசார்ட் 1791இல் அரங்கேற்றிய 'மேஜிக் ஃப்ளூட்' இசை நாடகம் அந்நியமாகாது. அதிலும் பறவை பிடிக்கிறவன் ஒருவன் பாடிக்கொண்டே வருகிறான். வசனமும் பாட்டும் மாறிமாறி வரும்.

மேல்நாட்டு இசை நமக்கெதற்கு என்பவர்கள் கோவில்பட்டி தாண்டி எட்டயபுரம் வரை போய் வரலாம். அங்கே 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் மெட்டுகளுக்குச் சாகித்தியம் எழுதியவர். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு.

பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், வேலை முடிந்து, காதுக்குள் எந்தச் சத்தமும் வேண்டாம் என்று வந்து உட்காருபவருக்கு பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' ஆல்பம் (1978). முதல் துண்டே 16 நிமிடத்துக்கு மேல். தம்புரா சுருதிக்குப் பழகிய காது அதில் தானாக அமரும். நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள்.