வாவியின் வாய் – 14: பனி விட்டுப்போன வாசற்படி

போன கிழமை மட்டக்களப்பின் நாவலடி மணற்கரையில் நின்றோம். அதற்கு முந்திய கிழமை பெரியகல்லாறு. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இவ்வளவு போதும்.

இந்தக் கிழமை நோர்வே உல்லாசக் கப்பலைப் பற்றி, அறை, சாப்பாடு, பயணக்காசு எல்லாம் சேர்த்து எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்த இடத்தில் ஒரு சொல் வந்து மறித்துக்கொண்டது. அதைச் சொல்லாமல் கப்பலுக்குள் கால்வைக்க மனம் வரவில்லை.

ஒஸ்லோவில் இருக்கும் என் மச்சாள், பேர்கன் துறைமுகத்தில் ஏறி வடக்கே கிர்க்கனஸ் வரை போகும் கரையோரக் கப்பலில் போனாள். அந்தக் கப்பல் சேவையை 1893இல் ரிச்சர்ட் வித் என்ற மாலுமி தொடங்கினார். சாலை எட்டாத ஊர்களுக்குத் தபாலும் சாமானும் ஆட்களும் ஏற்றிப் போக வந்த சேவை அது. இன்றைக்கும் 34 துறைகளைத் தொடுகிறது. மெத்தையும் கண்ணாடிச் சுவரும் பிறகு வந்தவை. கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் கப்பல் நுழைந்த காலையில் அவள் குரல் பதிந்து அனுப்பினாள்.

“அத்தான், எங்கட வாவிக்குள்ள பெரிய கப்பல் வந்த மாதிரி இரிக்கு. ரெண்டு பக்கமும் மலை. கைய நீட்டினாத் தொடலாம் போல. இவ்வளவு பெரிய கப்பல் எப்படித் தரை தட்டாமப் போகுது?”

மட்டக்களப்பில் பிறந்த ஒருத்திக்குத்தான் இந்தக் கேள்வி வரும். எங்கள் வாவிக்கு 56 கிலோமீற்றர் நீளம் இருக்கிறது. ஆழம்? இடுப்பளவு தண்ணீரில் நின்று அத்தாங்கு போடுகிற இடங்கள் எத்தனை! 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக்கு வந்தபோதும் அவருடைய கப்பல்கள் வெளிக்கடலில்தான் நங்கூரம் போட்டன. வாயில் மணல், உள்ளே சேறு.

ஃபியோர்ட் அப்படியல்ல. பனியாறு மலையை அரைத்து இறங்கிய பள்ளத்தில், பனி உருகிப் பின்வாங்கியதும் கடல் ஏறியது. உதாரணத்துக்கு, நோர்வேயின் சொக்ன ஃபியோர்ட் 205 கிலோமீற்றர் நீளம். ஆழம் 1,300 மீற்றருக்கு மேல். கல்லடிப் பாலத்திலிருந்து கோட்டை தெரியும் தூரத்தை எடுத்து அப்படியே கீழ்நோக்கி நிறுத்திப் பாருங்கள். இப்படிப்பட்ட பள்ளத்தில் போகிற கப்பலுக்குக் கீழே தரை தட்ட என்ன இருக்கிறது?

இதை அவளுக்கு விளக்கத் தேடிப் போனபோதுதான் அந்தச் சொல்லைக் கண்டேன். உள்ளே அவ்வளவு ஆழமான சொக்ன ஃபியோர்ட், கடலோடு சேரும் வாயில் 200 மீற்றர்கூட இல்லை! மலைக்குள் நெருக்குண்டு வந்த பனியாறு வெளியை எட்டியதும் பரந்து மெலிந்துபோகும்; அரைக்கும் பலம் குறையும். தள்ளிக்கொண்டு வந்த கல்லையும் மண்ணையும் அங்கேயே போட்டுவிடும். ஆகவே வாயில் ஒரு திட்டு. நோர்வேக்காரர் அதைத் ‘தெர்ஸ்கல்’ என்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசற்படிக்கும் அதே சொல்தான்.

கடலுக்கும் உள்நீருக்கும் நடுவே வாசற்படி. அவர்களுக்குப் பனி வைத்தது, எங்களுக்கு அலை வைத்தது. நகரத்திலிருந்து வெளிச்சவீட்டுப் பக்கம் போகிற பார் வீதியில் எத்தனை வருடம் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன்! அந்தப் ‘பார்’ என்பதற்கும் ஆங்கிலத்தில் வாயை மறிக்கும் மணல்திட்டு என்றுதான் பொருள்.

இன்னும் இருக்கிறது. தெற்கு நோர்வேயில் ஃபிரம்வாரன் என்றொரு சின்ன ஃபியோர்ட். உள்ளே ஆழம் 180 மீற்றர் அளவு, வாயில் வெறும் 2 மீற்றர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் படகு போய்வர அந்த வாயை வெட்டினார்கள். ஆம், எங்கள் ஆட்கள் ஆற்றுவாய் வெட்டுகிற மாதிரியே! வெட்டிய வழியால் வந்த உப்புநீர் பாரம் கூடியது; அடியில் போய்ப் படுத்தது; மேலே மிதக்கும் நன்னீரோடு கலக்கவில்லை. இன்றைக்கு 20 மீற்றருக்குக் கீழே அங்கே ஒட்சிசனே இல்லை. மீன் இல்லை, நண்டு இல்லை. அழுகிய முட்டை மணக்கிற ஐதரசன் சல்பைட்டு வாயு, கருங்கடலை விடப் பல மடங்கு கரைந்து கிடக்கிறது.

எங்கள் வாவி ஏன் அப்படி ஆகவில்லை? ஆழமில்லாததால்தான். கச்சான் காற்று ஒரு பின்னேரம் அடித்தால் போதும், அடித்தண்ணீர் மேலே வந்துவிடும். வாவி தூர்ந்துவிட்டது, தோண்டு தோண்டு என்று கூட்டங்களில் பேசுகிறவர்கள் ஃபிரம்வாரனைக் கொஞ்சம் வாசிக்க வேண்டும். எங்கே தோண்டுவது, எவ்வளவு தோண்டுவது என்று கணக்குப் பார்க்காமல் இயந்திரத்தை இறக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வாய் வெட்டும் கணக்கு எங்கள் கரையில் இருக்கிறது. மாரியில் வயல் மூழ்கத் தொடங்கினால் கமக்காரர் உடனே வெட்டச் சொல்வார்கள். தண்ணீர் ஒரேயடியாக இறங்கினால் மீனும் இறங்கிவிடும் என்று மீன்பிடிக்கிறவர்கள் பொறுக்கச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. பாலமீன்மடுவில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டே எனக்குச் சொன்னார்: “இப்ப வெட்டினா ரெண்டு நாளில திருப்பி அடைச்சிரும் மனே. உள்தண்ணி ஏறட்டும். அது தள்ளுற தள்ளில வாய் தன்னால அகலும்.”

மச்சாளுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவளுடைய கப்பல் வடதுருவ வட்டத்தைத் தாண்டிவிட்டது. பனியாறு கடலில் இடிந்து விழுவதைப் பார்க்க அவளுக்கு ஆசை. நோர்வேயின் பெருநிலத்தில் அது கிடைக்காது. சுவல்பாட் தீவுகளுக்கோ அலாஸ்காவுக்கோ போக வேண்டும். அலாஸ்காவின் பனியாற்றுக் குடாவை 1794இல் வன்கூவரின் ஆட்கள் கண்டபோது அதன் வாசலிலேயே பனிச்சுவர் நின்றது. 1916க்குள் அது 100 கிலோமீற்றருக்கு மேல் உள்ளே போய்விட்டது. இப்போது அதே வழியால் நாளுக்கு 2 உல்லாசக் கப்பல்களை மட்டும் விடுகிறார்கள்.

அறைகளும் பயணக்காசும் அடுத்த கிழமை. அதோடு இன்னொன்றும் உண்டு. மச்சாளின் கப்பல் தொடும் ஃபின்மார்க் கரையோர ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில் 1980களில் எங்கள் பொடியன்மார் நின்று வேலை செய்தார்கள். கப்பல் அங்கே கட்டும்போது இறங்கிப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன்.