உபாத்தியாயரும் தறி வீடும்

உபாத்தியாயர் வீட்டு வாசலுக்கு வந்தால், "பயல் என்ன விஷமம் செய்தான்?" என்றுதான் தாயார் கேட்கிறாள். நல்ல சமாசாரம் சொல்ல அவர் வந்த வழக்கமில்லை!

திருஞானசம்பந்தர் பாடிய மாகறலையும், காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த மற்ற ஊர்களையும் எண்ணும்போது இது வேடிக்கையான விஷயமாகத் தோன்றவில்லை. காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதைக் கோர்வையாக நெய்ய மூன்று நாடா வேண்டும். நெசவாளிக்குப் பக்கத்தில் உதவியாள் ஒருவரும் வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் பெரும்பாலும் சிறுவர்களே உட்கார்ந்தார்கள். பிள்ளையைப் பற்றிக் குறை மட்டுமே கேட்ட தகப்பனார், "படிப்பு ஏறாது, தறிக்கு வரட்டும்" என்று முடிவு கட்டிவிடுவார் அல்லவா?

2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், அரசாங்கப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டுமென்றும், அங்கத்தினரில் பாதிப் பேர் பெண்களாயிருக்க வேண்டுமென்றும் விதித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சட்டம் நாற்காலி போடலாம். பேச்சை மனிதர்தான் தொடங்கவேண்டும்.

புடவைக் கணக்கில் கூலி வாங்குகிறவர் பகலில் கூட்டத்துக்கு வந்தால் அவ்வளவு வேலை போயிற்று. ஆகையால் உபாத்தியாயர்களே, தறி ஓய்ந்த நேரத்தில் நீங்களே போய் வாருங்கள். "உங்கள் பெண் கணக்கில் கெட்டிக்காரி" என்று தொடங்குங்கள். குறையைப் பிறகு, குழந்தை இல்லாத சமயத்தில் சொல்லலாம். எழுத்தறியாத தகப்பனாரும் இழைக் கணக்கு அறிந்தவர் என்பதை மறவாதீர்கள்.

அப்புறம் அந்தத் தாயார், "வாருங்கள் ஐயா, உட்காருங்கள்" என்பாள்.