ஊர் திரும்பும்போது மனநோய் மருந்தை நிறுத்தாதீர்கள்

உங்கள் குடும்பத்தில் ஒருவர் மனநோய்க்கு மருந்து எடுத்து வருகிறாரா? சாமான்களைக் கட்டி ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் அவருடைய குளிசையும் கிளினிக் கொப்பியும் விடுபட்டுப் போகக்கூடும். மருந்து நின்ற உடனே மாற்றம் தெரியாமலும் இருக்கலாம். சில வாரங்களோ மாதங்களோ கழித்து நித்திரை குறையும், தனியே பேசுவார், எல்லோரையும் சந்தேகிப்பார். இவை நோய் திரும்புவதன் அறிகுறிகள்.

மருந்து என்ன செய்கிறது?

மூளையின் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப உதவும் இரசாயனப் பொருட்களில் ஒன்று டோபமின். மூளையின் சில பகுதிகளில் அதன் செயற்பாடு அளவுமீறும்போது இல்லாத குரல்கள் கேட்கலாம், ஆதாரமில்லாத சந்தேகம் வலுக்கலாம். ஹலோபெரிடோல், றிஸ்பெரிடோன், ஒலன்சபின் போன்ற மருந்துகள் அதனைக் கட்டுப்படுத்துகின்றன. பதற்றம் சில நாட்களில் தணியும். குரல்கள் அடங்கச் சில வாரங்கள் எடுக்கலாம். இம்மருந்துகள் போதைக்கு அடிமையாக்குவதில்லை. சிலருக்கு இவை குளிசைக்குப் பதிலாக 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை ஊசியாகப் போடப்படும்.

போரையும் இழப்பையும் கண்டவர்களுக்குப் பயமும் துக்கமும் வருவது இயல்பு. அதற்காக இன்னொருவரின் குளிசையை வாங்கி விழுங்க வேண்டாம்.

பக்க விளைவுகள்

உடல் அசைவுக்கும் டோபமின் தேவை. அதனால் சிலருக்குக் கைநடுக்கம், உடல் விறைப்பு, ஓரிடத்தில் இருக்க முடியாத அந்தரம் ஏற்படும். நித்திரைத் தூக்கம், வாய் உலர்தல், உடல் எடையும் இரத்தச் சீனியும் கூடுதல், மாதவிடாய் தவறுதல் ஆகியனவும் வரலாம். இவற்றைத் தாங்க முடியாமல்தான் பலர் மருந்தை விடுகிறார்கள். ஆனால் வைத்தியர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், நடுக்கத்துக்கு வேறு குளிசை தரலாம். ஆகவே நிறுத்துவதற்கு முன் சொல்லுங்கள்.

உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டியவை:

• கழுத்து திருகுதல், கண் மேலே செருகி நிற்றல்
• கடும் காய்ச்சலுடன் உடல் விறைத்து, நினைவு தடுமாறுதல்
• குளோசப்பின் எடுப்பவருக்குக் காய்ச்சல் அல்லது தொண்டை நோவு

நீங்கள் செய்ய வேண்டியவை

• புறப்படுமுன் கிளினிக்கில் சொல்லி, மாற்றக் கடிதமும் போதிய மருந்தும் பெறுங்கள். கடைசி ஊசி போட்ட திகதியைக் குறித்து வையுங்கள்.
• ஊர் வந்ததும் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் மனநல கிளினிக் நாளை விசாரியுங்கள். அங்கு சிகிச்சை இலவசம்.
• ஒரு வேளை தவறினால் அடுத்த முறை இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். குளோசப்பின் 2 நாட்களுக்கு மேல் தவறியிருந்தால், வைத்தியரைக் கேட்காமல் பழைய அளவில் தொடங்க வேண்டாம்.
• கள்ளு, சாராயம் தவிர்க்கவும்.
• கர்ப்பமானாலும் தானாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கேளுங்கள்.
• கோயிலில் நேர்த்தி வைப்பதும் தேவாலயத்தில் செபிப்பதும் மனதுக்கு ஆறுதல். குளிசையும் கூடவே தொடரட்டும்.

நோயாளியை அறையில் பூட்டவோ கட்டி வைக்கவோ வேண்டாம். வீடு திருத்தும் வேலையிலும் தோட்ட வேலையிலும் இயன்றளவு அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய வாழ்க்கையில் அவருக்கும் பங்கு உண்டு.