மாதச் சம்பளத்தை விட்டவர்

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் உத்தியோகத்தை ஒரு விரதம்போல அநுட்டிக்கும் யப்பானியரோடு நாம் போட்டியிட முடியாது. பெருங் கம்பனியொன்றிற் சேர்ந்து தலை நரைக்கும்வரை அதற்கே உழைப்பவனை, ஆங்கிலச் சொல்லொன்றைத் திரித்துச் 'சரரீமன்', அதாவது சம்பளக்காரன், என்று அவர்கள் அழைப்பர். இவ்வழக்கம் இக்காலத்தில் தளர்ந்துள்ளதேயன்றி அற்றுவிடவில்லை.

பற்றிக் மக்கென்சி என்னும் அமெரிக்கர் அவ்வாழ்வை உள்ளே நின்று கண்டவர். பல்கலைக்கழகப் படிப்பை முடித்த கையோடு யப்பானுக்குச் சென்ற அவர், 2006இல், ஓய்வு நேரத்தில், 60 டொலர் செலவில் ஒரு சிறு மென்பொருளை ஆக்கினார். பாடசாலைப் பிள்ளைகள் சொற்களைப் பழகுவதற்கு ஆடும் பிங்கோ விளையாட்டுக்கு அட்டைகள் அச்சிடுவதே அதன் வேலை. ஆசிரியர் ஒரு சொல்லைக் கூற, பிள்ளைகள் தத்தம் அட்டையில் அதைத் தேடிக் குறிப்பர். ஒவ்வோர் அட்டையிலும் சொற்கள் வெவ்வேறு வரிசையில் இருத்தல் வேண்டும். முப்பது பிள்ளைகளுக்கு அவற்றைக் கையால் எழுதப் புகுந்த ஆசிரியைக்கே இம்மென்பொருளின் அருமை தெரியும்.

செய்நிரல் எளியது. அதனை விற்பதற்கு அமைத்த இணையத்தளமே அவருக்குக் குருகுலமாயிற்று. வருவோரிற் பாதிப்பேருக்கு ஒரு பக்கத்தையும், மறுபாதியினருக்குச் சிறிது மாற்றிய பக்கத்தையும் காட்டி, எதைக் கண்டவர் கூடுதலாக வாங்கினர் என்று எண்ணிப் பார்த்தார். அவ்வெண்ணிக்கைகளை ஒளிக்காமல் எழுதியும் வெளியிட்டார்.

பகலில் அவர் யப்பானியக் கம்பனியொன்றின் பொறியியலாளர். வாரத்துக்கு எழுபது மணிக்கு மேற்பட்ட உழைப்பு. 2010இல் அதைத் துறந்து, மென்பொருட் கம்பனிகளின் இணையத்தளங்களைச் சீர்செய்யும் தனி ஆலோசகரானார். முதலில் மணிக்கு 100 டொலர் கேட்டவர், பின்னர் வாரக்கணக்குக்கு மாறினார். சூட்சுமம் இம்மாற்றத்திலேதான் இருக்கிறது. மணிக்கூலி கேட்பவனிடம், "இதற்கு இத்தனை மணியா?" என்று வினவத் தோன்றும். வாரத்துக்கு இவ்வளவு என்றதும், "வார முடிவில் எமக்கு என்ன கிடைக்கும்?" என்ற கேள்வி பிறக்கிறது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலருக்கு விற்கும் ஒரு கம்பனியின் விற்பனைப் பக்கத்தைத் திருத்தி, நூற்றுக்கு ஐந்து வீதம் கூட்டிக் கொடுத்தால் 50,000 டொலர் சேரும். அதைச் செய்து கொடுப்பவனின் கூலி எவர்க்கும் பெரிதாகத் தோன்றாது. செய்யமுடியாதவன் இப்பேரத்தில் இறங்காதிருப்பதே உத்தமம். மக்கென்சியிடமோ பிங்கோ எண்ணிக்கைகள் சான்றாக இருந்தன. அவரது வாரக்கூலி பன்மடங்காயிற்று. "உங்களைச் செய்நிரலாளர் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்" என்று பொறியியலாளருக்கு அவர் கட்டுரை எழுதியது 2011இலேயாம்.

சில ஆண்டுகளின் பின் அவர் ஆலோசனைத் தொழிலையும் விட்டார். 2016இல் 'ஸ்ட்ரைப்' என்னும் கம்பனியில் மீண்டும் சம்பளக்காரராகச் சேர்ந்தார் என்றறியும் வாசகர் சற்று ஏமாற்றமடையலாம். நானும் அடைந்தேன். அங்கே அவர் ஏற்ற பணியோ, சொந்தமாகக் கம்பனி தொடங்க விரும்புவோருக்கு உதவும் 'அட்லஸ்' என்னும் சேவையைச் சார்ந்தது.