பிரதி இல்லாமல் தொடங்கும் நாடகம்

வழக்கமாக ஒத்திகை ஒரு பிரதியோடு தொடங்கும். ஆசிரியர் எழுதியிருப்பார், இயக்குநர் வேடம் பிரிப்பார், நடிகர் வசனத்தை மனப்பாடம் செய்வார். டிவைஸ்டு தியேட்டர் எனப்படும் கூட்டு உருவாக்கத்தில் முதல் நாள் யார் கையிலும் பிரதி இருக்காது. ஒரு வரலாற்று நிகழ்வோ, செய்தித்தாள் துணுக்கோ, பழைய புகைப்படமோ இருக்கும். அதை வைத்து நடிகர்களே தேடிப் படித்து, ஆடிப் பார்த்து, காட்சிகளைக் கட்டுகிறார்கள். இயக்குநர் உண்டு, சில குழுக்களில் எழுத்தாளரும் உண்டு. ஆனால் அவர்கள் வேலை செய்வதற்கான சரக்கை நடிகர்கள்தான் கொண்டுவர வேண்டும்.

இதை எப்படிக் கற்பது?

ஜாக் லெகோக் 1956-ல் பாரிசில் தொடங்கிய நாடகப் பள்ளி இதற்கு ஒரு தெளிவான வழியைக் காட்டியது. 1968 மாணவர் எழுச்சிக்குப் பிறகு அங்கே ஆசிரியர் இல்லாத வகுப்பு ஒன்று வந்தது. ஒரு கருப்பொருளை மட்டும் கொடுத்துவிடுவார்கள். மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, தாங்களே ஒரு காட்சியை உருவாக்கிப் பள்ளியினர் முன் நடித்துக் காட்ட வேண்டும். ஒருவரோடொருவர் வேலை செய்வதே அங்கு பாடம்.

அந்தப் பள்ளியின் பயிற்சி ஒன்றைப் பாருங்கள். மேடை ஒரு பெரிய பலகை, அது நடுவில் ஒரே புள்ளியின் மேல் நிற்கிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். முதல் நடிகர் நடுவில் நிற்கிறார். அவர் ஓரத்துக்கு நகர்ந்தால் பலகை சாயும். உடனே இன்னொருவர் எதிர்ப்பக்கம் நுழைந்து சமன் செய்ய வேண்டும். ஒருவர் வேகமாக நகர்ந்தால் மற்றவரும் உடனுக்குடன் இடம் மாற வேண்டும். ஆட்கள் கூடக்கூட, யார் முன்னெடுக்கிறார், யார் இடம் கொடுக்கிறார் என்பது கணத்துக்குக் கணம் மாறும். தன் அசைவு மட்டுமல்ல, மேடை முழுவதும் தன் பொறுப்பு என்பது இங்கே உடலுக்குப் புரிகிறது.

ஒரு நாடகம் உருவான விதம்

லெகோக்கிடம் பயின்றவர்களில் ஒருவர் அரியான் முனூஷ்கின். அவரும் நண்பர்களும் 1964-ல் தொடங்கிய ‘தியாத்ர் து சொலெய்’ குழுவில் எல்லோருக்கும் ஒரே சம்பளம். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி 1970-ல் அவர்கள் அரங்கேற்றிய ‘1789’ இத்தகைய கூட்டு உருவாக்கம்தான். நடிகர்கள் வரலாறு படித்தார்கள், சிறு குழுக்களாகப் பிரிந்து காட்சிகளை ஆடிப் பார்த்தார்கள், அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த காட்சிகளால் நாடகம் உருவானது.

பாஸ்தி சிறை வீழ்ந்த காட்சியில் சண்டையே இல்லை. நடிகர்கள் பார்வையாளர்களுக்குள் கலந்து, அங்கங்கே சிலரை அருகில் அழைத்து, தாம் நேரில் கண்டதைத் தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள். குரல்கள் மெல்ல உயர்ந்து, வெற்றிச் செய்தி பரவி, அரங்கமே திருவிழாவாகிறது.

இதே குழு 2016-ல் ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்துக்காகப் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் அக்கலையைக் கற்றது. இது காட்டுவதுபோல, கூட்டாக உருவாக்குகிறவர்களுக்கும் முறையான பயிற்சி வேண்டும். உடலும் குரலும் தேர்ந்திருந்தால்தான் காட்சிகளைக் கட்டுவதற்கான கையிருப்பு பெருகும்.

தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை

யோசனையை விளக்காதீர்கள், எழுந்து செய்து காட்டுங்கள். அரை மணி நேரம் விவாதித்தாலும் தெரியாதது இரண்டு நிமிடம் ஆடினால் தெரிந்துவிடும். சக நடிகர் ஒன்றைத் தொடங்கினால் முதலில் அதை ஏற்று வளர்த்துப் பாருங்கள். எடைபோடுவது பிறகு.

தினமும் ஒருவர் வெளியே உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும், அல்லது செல்போனில் பதிவு செய்யுங்கள். பிரதி இல்லாத இடத்தில் நேற்றைய நல்ல காட்சி இன்று மறந்துபோகும்.

உருவாக்கியவற்றில் பெரும்பகுதி கழிந்துபோகும். நீங்கள் கண்டெடுத்த காட்சியை வேறொருவர் நடிக்கவும் நேரலாம். இதைப் பெருமனதோடு ஏற்பதுதான் மிகக் கடினமான பயிற்சி.

இறுதி முடிவு யாருடையது, ஆசிரியர் என்று யார் பெயர் போடப்படும் என்பதை முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள். பல குழுக்களில் மனக்கசப்பு முளைப்பது இங்கேதான்.

நல்ல பிரதி கிடைக்கவில்லையே என்று காத்திருக்கும் நடிகர்கள் நம்மிடையே நிறைய. ஐந்து பேரும் ஒரு காலி அறையும் போதும். சொல்ல வேண்டியது உங்களிடம் இருந்தால், எழுதித் தர யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டாம்.