மெழுகுவத்திக்கு ஓர் இருக்கை

வீட்டில் திடீரென்று மின்சாரம் நின்றுவிட்டால் நாம் முதலில் தேடுவது எது? தீப்பெட்டி, அடுத்து மெழுகுவத்தி. மூன்றாவதாக ஒன்றைத் தேட வேண்டும். அதைப் பெரும்பாலோர் தேடுவதில்லை. மெழுகுவத்தியை நிறுத்திவைக்க ஒரு தாங்கி! கைக்கு அகப்பட்ட ஏதேனும் ஒரு மூடியின்மேல் இரண்டு சொட்டு மெழுகை விட்டு, அதில் வத்தியை ஒட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். 1996ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு முதல் நாள் இரவு. மின்சாரம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியில் மெழுகுவத்தியை ஒட்டி, அந்த மூடியை நோட்டுப் புத்தகங்களின் அடுக்கின்மேல் வைத்திருந்தேன். எழுத்துச் சரியாகத் தெரியவில்லை என்று அடுக்கையே என் பக்கம் இழுத்துக்கொண்டேன். படித்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். புகை நெடியில் விழித்தபோது மூடி உருகிச் சரிந்திருந்தது. இயற்பியல் செய்முறைப் பதிவேடு எரிந்துகொண்டிருந்தது. பதறிப்போய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன். "தண்ணி ஊத்தாதடா!" என்று கத்திக்கொண்டே வந்த அம்மா, வாசலில் கிடந்த சாக்கை நனைத்துத் தீயின்மேல் போட்டு அமுக்கினார். தீ அணைந்தது. என் இடது கை விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அன்று நான் செய்த தவறுகள் மூன்று. அவை மூன்றும் இயற்பியல் தவறுகள்! சரிந்துவிழக்கூடிய பொருளைச் சரிந்துவிழும்படி நிறுத்தினேன். உருகும் பொருளின்மேல் தீயை வைத்தேன். வெளிச்சம் போதவில்லை என்று தீயை அருகே இழுத்தேன். இம்மூன்றையும் திருத்தும் தாங்கிகளை நாமே செய்யலாம். செலவு மிகக் குறைவு; பார்க்கவும் அழகாக இருக்கும்.

கொட்டாங்கச்சித் தாங்கி

கடையில் வாங்கும் சாதாரண மெழுகுவத்தி ஒன்றை அளந்து பாருங்கள். நீளம் 15 செ.மீ., விட்டம் ஒன்றரை செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் நடுவில், அதாவது தரையிலிருந்து 7.5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அடிப்பாகத்தின் ஆரமோ 0.75 செ.மீ. மட்டுமே. ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு அடிப்பாகத்தைத் தாண்டினால் பொருள் விழுந்துவிடும் என்று படித்திருக்கிறீர்கள். இங்கே 0.75ஐ 7.5ஆல் வகுத்தால் 0.1. இதை டேன்ஜென்ட் மதிப்பாகக் கொண்ட கோணம் சுமார் 6 டிகிரி. அதாவது 6 டிகிரி சாய்ந்தாலே வத்தி விழுந்துவிடும்!

இப்போது ஒரு பெரிய தேங்காயின் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறத்து நாரை நீக்கி, உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். வழவழப்பான கரும்பழுப்பு நிறம் வரும். அதன் அடி உருண்டையாக இருப்பதால் நிற்காது. 6 செ.மீ. விட்டமுள்ள பழைய கண்ணாடி வளையல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக எம்-சீல் கொண்டு ஒட்டி, அந்த வளையத்தின்மேல் கொட்டாங்கச்சியை உட்காரவைத்து ஒட்டிவிடுங்கள். உள்ளே 4 செ.மீ. ஆழத்திற்கு, வெயிலில் நன்கு காயவைத்த மணலை நிரப்புங்கள். மணலின் எடை ஏறத்தாழ 300 கிராம் வரும். மெழுகுவத்தியை மணலில் 3 செ.மீ. ஆழத்திற்கு ஊன்றுங்கள்.

மெழுகுவத்தியின் எடை 25 கிராம்தான். மணலோ அதைப்போல் பன்னிரண்டு மடங்கு. ஆகவே முழு அமைப்பின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 4 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது. அடிப்பாகத்தின் ஆரம் 3 செ.மீ. ஆகிவிட்டது. மீண்டும் கணக்கிடுங்கள். 3ஐ 4ஆல் வகுத்தால் 0.75, கோணம் சுமார் 37 டிகிரி! 6 டிகிரி எங்கே, 37 டிகிரி எங்கே? பூனை இடித்தாலும் இனி எளிதில் சாயாது.

மணல் இன்னொரு வேலையும் செய்கிறது. மெழுகுவத்திச் சுடரின் மிகவும் வெப்பமான பகுதி ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸ் வரை செல்லும். டப்பா மூடிகளுக்குப் பயன்படும் பிளாஸ்டிக்கோ 110 டிகிரி அளவிலேயே உருகிவிடும். உலர்ந்த மணல் உருகாது, எரியாது. வெப்பத்தைக் கடத்துவதிலும் அது மிக மந்தம்; அலுமினியம் கடத்துவதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் கடத்தும். அதனால் கொட்டாங்கச்சியைத் தீ அண்டாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கொட்டாங்கச்சி நல்ல விறகு என்பதை மறக்கக்கூடாது. மணலுக்கு மேலே இரண்டு விரல் உயரம் மீதம் இருக்கும்போதே வத்தியை அணைத்துவிட வேண்டும். தீ மணல்மட்டத்தை எட்டினால், உருகிய மெழுகு மணலில் ஊறி, மணலே திரியாக மாறிவிடும். மணல் துகள்களின் இடைவெளிகளில் மெழுகு ஏறுவது, திரியின் நூல்களில் அது ஏறுவதைப் போன்றதே.

ஒன்று நான்காகும் கண்ணாடித் தாங்கி

மெழுகுவத்தியின் வெளிச்சம் எவ்வளவு? ஒளிச்செறிவின் அலகாகிய கேண்டெலா என்ற பெயரே மெழுகுவத்தியிலிருந்துதான் வந்தது. 1860ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், மணிக்கு 120 கிரெயின், அதாவது சுமார் 7.8 கிராம் எரியும் திமிங்கில மெழுகுவத்தியைச் சட்டப்படி அளவுகோலாக வைத்தார்கள். இன்று கேண்டெலாவுக்கு வேறு துல்லியமான வரையறை உண்டு. ஆனாலும் நம் வீட்டு மெழுகுவத்தி ஏறத்தாழ ஒரு கேண்டெலா கொடுக்கும் என்று கொள்ளலாம்.

ஒரு கேண்டெலா விளக்கு ஒரு மீட்டர் தொலைவில் தரும் வெளிச்சம் ஒரு லக்ஸ். தொலைவு பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். இதுதான் எதிர்த்தகவு இருமடி விதி. 50 செ.மீ. தொலைவில் 4 லக்ஸ், 25 செ.மீ. தொலைவில் 16 லக்ஸ். வசதியாகப் படிப்பதற்குச் சில நூறு லக்ஸ் வேண்டும். அன்று நான் ஏன் மெழுகுவத்தியை அருகே இழுத்தேன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அந்த விதியை அறியாமலேயே அதற்குக் கீழ்ப்படிந்தேன். மேலும் மேலும் நெருங்கச் சொல்லி நம்மைத் தூண்டுவது அந்த விதிதான்.

நெருங்காமலே வெளிச்சத்தைக் கூட்ட ஒரு வழி உண்டு. படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் மிஞ்சிய முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். 20 செ.மீ. உயரமுள்ள இரண்டு துண்டுகளை வாங்கி, ஓரங்களை உப்புத்தாளால் மழுங்கச் செய்யுங்கள். இரண்டையும் பின்பக்கத்தில் துணிநாடாவால் ஒட்டி, திறந்த புத்தகம்போல் 90 டிகிரிக்கு விரித்து நிறுத்துங்கள். கொட்டாங்கச்சித் தாங்கியை இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே, ஒவ்வொன்றிலிருந்தும் 10 செ.மீ. தள்ளி வையுங்கள். மிக நெருக்கமாக வைத்தால் கண்ணாடி ஓரிடத்தில் மட்டும் சூடாகி விரிந்து, விரிசல் விடக்கூடும்.

இப்போது பாருங்கள்! ஒரு மெழுகுவத்தி எரிகிறது. கண்ணுக்கு நான்கு தெரிகின்றன. இரு சமதள ஆடிகள் 90 டிகிரியில் இருந்தால் மூன்று பிம்பங்கள் தோன்றும் என்று பாடத்தில் படித்தது இதுதான். அந்த மூன்று பிம்பங்களும் புத்தகத்தின்மேல் வெளிச்சத்தைக் கொட்டுகின்றன. பிம்பங்கள் சற்றுத் தொலைவில் இருப்பதாலும், ஆடி ஒளியின் ஒரு பகுதியை உட்கவர்வதாலும் வெளிச்சம் நான்கு மடங்காகாது. ஆனால் 50 செ.மீ. தொலைவில் இருந்த 4 லக்ஸ், ஏறத்தாழ 9 லக்ஸ் ஆகிவிடும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கோணத்தை 60 டிகிரியாகக் குறைத்தால் எத்தனை சுடர்கள் தெரியும்? எண்ணிச் சொல்லுங்கள். கூடத்திலே வைத்தால் இதைவிடச் சிறந்த அலங்காரம் வேறு வேண்டுமா?

துளை விளக்கு

திறந்த சன்னலும் மெழுகுவத்திக்கு எதிரி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபின், பல கிராமங்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. அத்தகைய நாட்களில் கையிலே தூக்கிச் செல்லக்கூடிய விளக்கு வேண்டும்.

பால்பவுடர் தகர டப்பா ஒன்றில் ஈரமணலை இறுக்கமாக அடையுங்கள். இப்படிச் செய்தால் ஆணி அடிக்கும்போது தகரம் நசுங்காது. டப்பாவைச் சாக்கின்மேல் படுக்கவைத்து, பக்கத்தில் சாக்கட்டியால் ஒரு புள்ளிக் கோலம் இடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஆணியால் துளையிடுங்கள். அடிப்பாகத்தைச் சுற்றி, தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் எட்டுத் துளைகள் கட்டாயம் வேண்டும். பிறகு மணலைக் கொட்டிவிட்டு, அடியில் ஒரு செ.மீ. உலர்ந்த மணல் இட்டு, 5 செ.மீ. உயரமுள்ள வத்தித் துண்டை நிறுத்துங்கள். கம்பிக் கைப்பிடி ஒரு முழ உயரத்திற்கு வளைந்திருக்கட்டும்.

அந்த எட்டுத் துளைகள் எதற்கு? ஒரு கிராம் மெழுகு முழுவதும் எரிவதற்கு மூன்றரை கிராம் ஆக்சிஜன் வேண்டும்; அதற்கு ஏறத்தாழ 12 லிட்டர் காற்று வேண்டும். மணிக்கு 7 கிராம் மெழுகு எரிந்தால், 85 லிட்டர் காற்று டப்பாவுக்குள் வந்துபோக வேண்டும்! சூடான வாயு அடர்த்தி குறைந்து மேலே செல்ல, குளிர்ந்த காற்று கீழ்த் துளைகள் வழியே நுழைகிறது. மேல்வாயை ஒரு தகட்டால் பாதி மூடி, கீழ்த் துளைகளை ஈரக் களிமண்ணால் அடைத்துப் பாருங்கள். உள்ளே வரும் காற்றும் வெளியேறும் வாயுவும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ள, சுடர் நடுங்கும். 1780களில் சுவிட்சர்லாந்துக்காரரான ஐமே ஆர்கண்ட் விளக்கிற்குக் கண்ணாடிப் புகைபோக்கி வைத்ததும், நம் பாட்டிமார்களின் அரிக்கேன் விளக்கு அடிவழியே மூச்சுவிட்டதும் இந்த வெப்பச் சலனத்தை நம்பித்தான்.

அலங்காரத்திற்கு எல்லை எது?

கடைசியாக அலங்காரம். கிளிஞ்சல், உடைந்த வளையல் துண்டு, சுட்ட மண் மணிகள், கூழாங்கல் ஆகியவை தாங்கியை அழகுசெய்ய ஏற்றவை. பஞ்சு, வண்ணக் காகிதம், தெர்மோகோல், பிளாஸ்டிக் பூ, ஜிகினாத் தாள் ஆகியவை ஆகா.

எவ்வளவு தொலைவு பாதுகாப்பானது என்பதைக் கண்டறிய விலையில்லாத கருவி ஒன்று சொல்கிறேன். பஸ்ஸில் நடத்துநர் கருவியிலிருந்து கிழித்துத் தரும் டிக்கெட்டில் மை கிடையாது. சூடு பட்டால் கருக்கும் தாள் அது. கொதிநீரின் வெப்பநிலையை எட்டுமுன்பே கருத்துவிடும். ஒரு பழைய டிக்கெட்டை நீண்ட இடுக்கியால் பிடித்து, சுடருக்குப் பக்கவாட்டில் தொலைவிலிருந்து மெல்ல நெருங்குங்கள். எந்தத் தொலைவில் கருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுடருக்கு நேர்மேலே உயரத்திலிருந்து கீழ்நோக்கி இறக்குங்கள். பக்கவாட்டில் மிக அருகில் வரும்வரை மாறாத தாள், மேலே வெகுதொலைவிலேயே கருத்துவிடுவதைக் காண்பீர்கள். பக்கவாட்டில் கதிர்வீசலால் மட்டுமே வெப்பம் வருகிறது. மேலேயோ சூடான வாயுவே நேரில் வந்து தாக்குகிறது. ஆகவே மெழுகுவத்தியின் தலைக்குமேல் திரைச்சீலையோ, தோரணமோ, அலமாரித் தட்டோ இருக்கவே கூடாது.

இச்சோதனைகளைப் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தலைமுடியையும் தாவணி, துப்பட்டாவையும் கட்டிக்கொள்ளுங்கள். எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றக்கூடாது. நீர் ஒரு நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை நாலாபக்கமும் தெறிக்கவைக்கும். ஈரச் சாக்கால் மூடினால் காற்று கிடைக்காமல் தீ அடங்கும். இயற்பியல் படிக்காத என் அம்மாவுக்கு எண்ணெய்ச் சட்டி கற்றுக்கொடுத்த பாடம் இது. சுட்டுக்கொண்டால் பற்பசை, மாவு, மை எதையும் தடவாமல், 20 நிமிடம் குழாய் நீரில் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். எல்.இ.டி. விளக்கு கையில் இருந்தால் படிப்பதற்கு அதுவே மேல். எது எரிந்தாலும், தூக்கம் வருமுன் தீயை அணைத்துவிடுங்கள்.

1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடே இளம் மாணவர்களுக்காகத் தொடங்கிய சொற்பொழிவுகள் ஆறும் ஒரே ஒரு மெழுகுவத்தியைப் பற்றியவை. அவர் மெழுகுவத்தியைப் பாடமாக்கினார். நாம் அதன் இருக்கையையும் பாடமாக்குவோம். உங்கள் தாங்கியைச் செய்து முடித்ததும், ஏற்றுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சாயுமா? உருகுமா, எரியுமா? மேலே என்ன இருக்கிறது? மூன்றுக்கும் சரியான விடை கிடைத்தபின் தீக்குச்சியை உரசுங்கள்.