பந்தயமில்லா நெடும்பயணம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் துவிச்சக்கர வண்டிகளிற் கூட்டமாகப் புறப்படுகின்றனர். மேற்கெல்லையில் மிசூரி நதியிற் பின்சக்கரத்தை நனைத்துப் புறப்படுவோர், ஏழாம் நாள் கிழக்கெல்லையில் மிசிசிப்பி நதியில் முன்சக்கரத்தை நனைப்பர். முந்தி வந்தவர்க்குப் பரிசேதும் இல்லை.

1973இல் ஜோன் கராஸ், டொனால்ட் கோல் என்னும் பத்திரிகையாளர் இருவர், தம்முடன் வருமாறு வாசகரை அழைத்ததே இதன் தொடக்கம். அவ்வாண்டு முழுத் தூரத்தையும் கடந்தவர் 114 பேரே. அவர்களுள் ஒருவர் 83 வயதினரான கிளாரன்ஸ் பிக்காட். நெடுங்காலம் வண்டி அதிகம் ஓட்டியிராத அம்முதியவர், பெண்களுக்கான வண்டியொன்றில் ஏறி, ஒரே நாளில் 110 மைல் தூரமும் சென்றார்.

இது பந்தயமாக இருந்திருப்பின், அவரை யார்தான் சேர்த்திருப்பர்?